பனிமலைக்குக் கீழே அலையேறுவது: நம் உடம்பு தாங்குமா?

கோவளத்தில் இரண்டு வருடம் அலைச்சறுக்குப் பலகை பிடித்துப் பழகியிருக்கிறீர்கள். இப்போது வேலைக்காக நோர்வேயின் பூடோ நகரத்துக்கு வந்திருக்கிறீர்கள். கடலுக்கு அப்பால் லொஃபோத்தன் தீவுகள். அங்கே உன்ஸ்தாட் என்ற சிற்றூரில், பனி மூடிய மலைக்குக் கீழே ஆட்கள் அலையேறுகிற படங்களைப் பார்த்துவிட்டு, "வெயிலில் வளர்ந்த நம் உடம்பு இதைத் தாங்குமா, எத்தனை மில்லிமீட்டர் தடிப்புள்ள ரப்பர் சூட் வாங்குவது" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், தண்ணீரில் இறங்கவே மாட்டேன் என்கிற மனைவியைக் கூட்டிக்கொண்டு போவதில் பயனுண்டா என்றும் ஒரு வரி. மில்லிமீட்டர் கணக்கை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆனால் உங்கள் மனசுக்குள் இருப்பது சூட்டின் தடிப்பு இல்லை, அங்கே போனால் உயிரோடு திரும்பி வருவேனா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதில் நோர்வேக்கு வந்தவன். எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்த எத்தனையோ ஈழத் தமிழர்களைப் போல அப்பாவுக்கும் வடக்கே மீன் பதனிடும் ஆலையில்தான் முதல் வேலை. எனக்கு நீச்சலும் உயிர்காப்பும் சொல்லிக்கொடுப்பது தொழில். பன்னிரண்டு குளிர்காலமாக உன்ஸ்தாட்டில் அலையேறுகிறேன். மருத்துவன் இல்லை. கீழே உடம்பைப் பற்றிச் சொல்வதெல்லாம் உயிர்காப்புப் பயிற்சியில் எங்களுக்குக் கற்றுத்தந்ததும் நான் தண்ணீரில் கண்டதும்தான். உங்கள் இதயம் எப்படி, மூச்சு எப்படி என்பதை எழுத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது.

முதலில் இடத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். உன்ஸ்தாட் வெஸ்ட்வோகோய் தீவின் வெளிக்கரையில், 68 டிகிரி வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கிறது. லெக்னெஸ் ஊரிலிருந்து காரில் அரை மணி நேரம். மலையைக் குடைந்த பாதையைத் தாண்டி வெளியே வந்தால் மூன்று பக்கமும் மலை, நாலாவது பக்கம் திறந்த கடல், நடுவே ஆடு மேயும் புல்வெளி, விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள். விரிகுடாவின் நடுவில் அலை மணலில் உடையும். இரண்டு ஓரத்திலும் உருண்டைப் பாறைகளின் மேல் உடையும். 1963-ல் தோர் ஃபிரான்ட்சென், ஹான்ஸ் எகில் கிரானெ என்ற இரண்டு உள்ளூர் இளைஞர்கள், கப்பலில் வேலைக்குப் போன இடத்தில் ஆஸ்திரேலியர்கள் அலையேறுவதைக் கண்டு, ஊர் திரும்பித் தாங்களே பலகை செய்து இங்கே இறங்கினார்கள். இன்றைக்கு இருக்கும் சூட் எதுவும் அன்றைக்கு அவர்களுக்கு இல்லை. அந்தக் குளிரில் அவர்கள் பலகையில் படுத்துக் கையால் துடுப்புப் போட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புத்தான்.

இந்தக் கடல் ஏன் உறையவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். இதே அட்சரேகையில் அலாஸ்காவின் வடமேற்குக் கடல் குளிர்காலத்தில் பனிக்கட்டியாகக் கிடக்கும். இங்கேயோ அட்லாண்டிக்கின் தெற்கிலிருந்து வெப்ப நீரோட்டம் நோர்வேக் கரையை ஒட்டி மேலே ஏறி வருகிறது. அதனால் ஆண்டிலேயே குளிர்ந்த பிப்ரவரி, மார்ச்சிலும் கடல் 4 முதல் 6 டிகிரிக்குள் நிற்கும். ஆகஸ்டில் 12 டிகிரியைத் தொட்டுத் தாண்டும். ஜனவரியில் காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது, சூட்டோடு தண்ணீருக்குள் இருப்பவனைவிடக் கரையில் ஈர உடம்போடு நிற்பவனுக்குத்தான் ஆபத்து அதிகம். இதைக் கடைசியில் மறுபடி தொடுவேன்.

குளிர்நீர் மூன்று விதமாக ஆளைத் தாக்கும். இது ஆய்வுகளால் உறுதியானது, சந்தேகத்துக்கு இடமில்லை. தோல் சட்டென்று குளிர்ந்ததும் நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சு உள்ளே இழுபடும். பிறகு நாய் இளைப்பதுபோல மூச்சு ஓடும், நெஞ்சு படபடக்கும். அந்த முதல் மூச்சின்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால், கரையிலிருந்து பத்து மீட்டரிலேயே ஒரு நல்ல நீச்சல்காரன் முடிந்துபோவான். அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடத்தில் அது அடங்கிவிடும். இரண்டாவது தாக்குதல் கை கால்களில். நரம்பும் தசையும் குளிர்ந்து விரல் மடங்காமல், கை வீச்சுக் குறைந்துபோகும். சாதாரண உடையில் விழுந்தவருக்குப் பத்து நிமிடத்தில் இது தொடங்கும். மூன்றாவதுதான் எல்லோரும் பயப்படுகிறது, உடம்பின் சூடே இறங்கிப்போவது. உறைநிலையை ஒட்டிய தண்ணீரிலும் வளர்ந்த ஒருவருக்கு உடலின் உள்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்க அரை மணியாவது ஆகும். கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் குளிரை ஆராயும் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி என்று சுருக்கிச் சொல்லிக்கொடுக்கிறார்: மூச்சை அடக்க ஒரு நிமிடம், கை கால் வேலைசெய்யப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி. என் வகுப்பில் நான் முதலில் எழுதிப்போடுவது இதைத்தான். இதில் ஒன்றைக் கவனியுங்கள். மூச்சு இழுபடுவது 5 டிகிரியில் மட்டும் வருவதில்லை. 10, 15 டிகிரித் தண்ணீரிலேயே அது முழு வேகத்தில் வரும். "கோடைகாலம்தானே" என்று வெறும் நீச்சலுடையில் குதித்தவர்களை நான் தூக்கிக் கரை சேர்த்திருக்கிறேன்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி, வெயிலில் வளர்ந்த உடம்பு. அந்த முதல் மூச்சு நோர்வேக்காரனுக்கும் வரும், உங்களுக்கும் வரும், எனக்கும் வரும். அதைப் பழக்கத்தால் குறைக்கலாம் என்பதும் உறுதி. இரண்டு மூன்று நிமிடம் வீதம் ஐந்தாறு முறை குளிர்நீரில் இறங்கி எழுந்தாலே அந்த அதிர்ச்சி ஏறக்குறையப் பாதியாகிவிடும், அந்தப் பழக்கம் மாதக்கணக்கில் உடம்பில் தங்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு அது வேலை செய்தது. கோவளத்தில் நீந்திய உங்களுக்கும் செய்யும். பிறந்த ஊரை வைத்து இதில் யாரும் பின்தங்குவதில்லை. விரல்கள் பற்றிய பேச்சில்தான் எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. குளிரில் விரலுக்குப் போகும் இரத்தம் சுருங்கி, இடையிடையே திறந்து சூடேற்றிக்கொள்ளும். வெப்ப நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் திறப்பு மந்தம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. நான் பார்த்தவரை ஆளுக்கு ஆள் வித்தியாசம்தான் பெரிது. ஒல்லியானவர் சீக்கிரம் குளிர்வார், தசையும் கொழுப்பும் உள்ளவர் தாமதமாகக் குளிர்வார். எனவே உங்கள் விரல்கள் என்னைவிட முந்தி மரத்துப்போகும் என்றே எடுத்துக்கொண்டு கையுறையில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். இதய நோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா இவற்றில் ஏதாவது ஒன்று உங்களுக்கோ, திடீர் மரணம் உங்கள் குடும்பத்திலோ இருந்தால், மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். குளிர் இதயத்தை ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இழுக்கும். தோல் அதை ஓடு என்று விரட்டும், தண்ணீர் பட்ட முகம் அதை மெதுவாகப் போ என்று தடுக்கும். நல்ல இதயம் அதைச் சமாளித்துக்கொள்ளும்.

சூட்டுக்கு வருவோம். குளிர்காலத்தில் 6/5/4 என்று எழுதியிருக்கும், தலைமூடி சேர்ந்தே தைத்த சூட். நெஞ்சில் 6 மில்லிமீட்டர், காலில் 5, தோளும் கையும் அசைய வசதியாக 4 என்பது அதன் பொருள். காலுக்கு 7 மில்லிமீட்டர் சப்பாத்து. கைக்கு 5 முதல் 7 வரை, ஐந்து விரலும் தனித்தனியாக இருப்பதைவிட விரல்கள் சேர்ந்திருப்பது சூடு. செப்டம்பரில் 5/4 போதும். சூட்டுக்குள் புகும் தண்ணீர் சூடாகி நம்மைக் காக்கிறது என்று பலரும் சொல்வார்கள், அது பாதி உண்மைகூட இல்லை. காப்பது நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள். 1950-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் முதல் நியோப்ரீன் சூட்டைச் செய்தபோதே இதைக் கண்டுகொண்டார். தண்ணீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், அதனால் தோலை ஒட்டி ஓடுகிற ஒவ்வொரு கை தண்ணீரும் வெப்பத்தைத் திருடிக்கொண்டு போகிறது. ஆகவே தடிப்பைவிடப் பொருத்தம் பெரிது. இடுப்பிலும் அக்குளிலும் தொளதொளவென்று இருக்கிற விலையுயர்ந்த 6-ஐவிட, தோல்போல ஒட்டியிருக்கிற பழைய 5 நல்லது. முதல் தடவை வாங்கவே வேண்டாம். ஊரிலேயே அலைச்சறுக்கு முகாம் இருக்கிறது, எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். போட்டுப் பார்த்து உங்கள் அளவைத் தெரிந்துகொண்டு பிறகு வாங்குங்கள். பலகை மட்டும் கோவளத்தில் ஓட்டியதைவிட ஒரு அளவு பெரிதாக, தடிப்பாக இருக்கட்டும்.

அதற்குக் காரணம், அங்கே பலரும் சொல்கிற "குளிர்த்தண்ணி கனம், அடித்தால் கல் மாதிரி இருக்கும்" என்பதல்ல. வங்கக் கடலின் நீருக்கும் இந்தக் கடலின் நீருக்கும் அடர்த்தியில் நூற்றுக்கு ஒரு பங்கு வித்தியாசம்கூட இல்லை. கனம் நம் உடம்பில்தான். நனைந்த சூட்டும் சப்பாத்தும் சில கிலோ சேர்க்கும். ஒவ்வொரு தடவை கையை வீசும்போதும் ரப்பரை இழுத்து நீட்டவேண்டும். குளிர்ந்த தோள் சீக்கிரம் களைக்கும். கோவளத்தில் இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்ட தோள், இங்கே நாற்பது நிமிடத்தில் நிற்கும். அதைத் தோல்வியாக எண்ணாதீர்கள்.

எண்ணியதால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது குளிர்காலம், பிப்ரவரி, தனியாகப் போயிருந்தேன். அலை அழகாக வந்தது. "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டேன். தண்ணீருக்குள் குளிரே தெரியவில்லை, சொல்லப்போனால் இதமாக இருந்தது. அது நல்ல அறிகுறி இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. கரையேறிக் காருக்குப் போனால் கையுறையைக் கழற்ற முடியவில்லை. பல்லால் இழுத்துக் கழற்றினேன். சாவியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. மலையிலிருந்து காற்று இறங்கியடித்தது. நடுங்கிக்கொண்டிருந்த உடம்பு கொஞ்ச நேரத்தில் நடுக்கத்தை நிறுத்தியது. ஆட்டுக்கு வைக்கோல் போட வந்த ஒரு பெரியவர் என்னைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் சாவியை வாங்கிக் கதவைத் திறந்து, உள்ளே தள்ளி, ஹீட்டரைப் போட்டுவிட்டார். அவர் அன்றைக்கு அந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பல இரவு யோசித்திருக்கிறேன். தண்ணீரை விட்டு வெளியே வந்த பிறகும் பல நிமிடம் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே போகும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். உடம்பால் படித்தது அன்றைக்குத்தான்.

அதனால்தான் குளிரைவிட அந்தக் கரையின் அமைதியைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்ல நினைக்கிறேன். கோவளத்தில் ஒரு மீனவர் வலை காய வைத்துக்கொண்டிருப்பார், பையன்கள் விளையாடுவார்கள், நீங்கள் கை தூக்கினால் நாலு பேர் ஓடிவருவார்கள். உன்ஸ்தாட்டில் ஜனவரியில் ஒரு வார நாளில் போனால் கடலில் நீங்கள் மட்டும் இருக்கலாம். காவல் மேடை கிடையாது, விசில் ஊத ஆள் கிடையாது. டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி முதல் நாட்கள் வரை சூரியன் எழவே எழாது. நடுப்பகலில் சில மணி நேரம் நீல வெளிச்சம், அவ்வளவுதான். பெரிய மீட்பு ஹெலிகாப்டர் உங்கள் பூடோவிலேதான் நிற்கிறது. ஆனாலும் அது கடலைக் கடந்து வர வேண்டும், நான் மேலே சொன்ன பத்து நிமிடக் கணக்கு அதற்காகக் காத்திருக்காது. சூட்டுக்குக் காசு கொடுத்துவிடலாம், அமைதிக்குக் காசு கொடுக்க முடியாது. கூட ஆள் இல்லாமல் இறங்குவதில்லை என்பது அன்றிலிருந்து என் கட்டுப்பாடு. உங்களுக்கும் அதையே சொல்வேன், அலை எவ்வளவு அழகாக இருந்தாலும்.

எப்போது போவது? செப்டம்பர், அக்டோபர். தண்ணீர் 10 டிகிரியை ஒட்டி இருக்கும், பகல் வெளிச்சம் இருக்கும், ஐஸ்லாந்துப் பக்கத்துப் புயல்கள் அலையை அனுப்பத் தொடங்கியிருக்கும். ஜூன், ஜூலையில் நடுராத்திரியிலும் சூரியன் நிற்கும், பார்க்கக் கண்கொள்ளாது, ஆனால் பல நாள் கடல் தட்டையாகக் கிடக்கும். நோர்வே வானிலை நிறுவனத்தின் யர் செயலியில் காற்றைப் பாருங்கள். கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து வீசும் கரைக்காற்று அலையைச் சீராக்கும். ஆனால் அதே காற்று மலைமுகட்டைத் தாண்டி விழும்போது திடீர்திடீரென்று அறையும், பலகையைக் கையிலிருந்து பிடுங்கும். அலையின் உயரத்தை மட்டும் பார்க்காமல், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை வினாடி என்றும் பாருங்கள். 8 வினாடி இடைவெளியில் வருகிற ஒரு மீட்டர் அலையும் 14 வினாடியில் வருகிற ஒரு மீட்டர் அலையும் ஒன்றல்ல. இரண்டாவது தூரக்கடலில் பிறந்து வருவது, கரையில் நிமிர்ந்து இருமடங்கு பலத்தோடு விழும். முதல் வருடம் நடு மணற்கரையை விட்டு நகர வேண்டாம். ஓரத்துப் பாறை அலைகள் படத்தில் அழகு, விழுகிறவனுக்கு அழகில்லை. அலை உடையாமல் நடுவில் ஒரு பாதை மட்டும் அமைதியாகத் தெரிந்தால், தண்ணீர் கடலை நோக்கி இழுக்கிற இடம் அதுதான். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல், பலகையை விடாமல், பக்கவாட்டில் போங்கள். இதைக் கோவளத்திலேயே கற்றிருப்பீர்கள். இங்கே ஒரு வித்தியாசம், தவறு செய்து திருத்திக்கொள்ள உங்களுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு.

இறங்கும் முறை: கரையில் உடம்பு சூடாகும்வரை ஓடுங்கள், வியர்க்கவிடாதீர்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தில் தண்ணீரை அள்ளித் தெளித்து, மூச்சு உங்கள் கட்டுக்குள் வரும்வரை இரண்டு நிமிடம் காத்திருங்கள். அதன் பிறகே பலகையில் படுப்பது. முதல் அலைக்கு அடியில் தலை போனதும் நெற்றியில் ஆணி அடித்தாற்போல ஒரு வலி வரும், அரை நிமிடத்தில் போய்விடும். முதல் நாள் முப்பது நிமிடம் போதும். கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட மறுத்தால் அந்த நொடியே கரைக்குத் திரும்புங்கள். காதுக்கு அடைப்பான் போடுங்கள். குளிர்நீரும் காற்றும் வருடக்கணக்கில் பட்டால் காதுக்குழாயின் எலும்பு வளர்ந்து வழியை அடைக்கும். முகத்தில் வாஸ்லின் பூசுவது குளிரைத் தடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. காற்றில் தோல் வெடிக்காமல் இருக்க உதவும், அதற்காகப் பூசலாம். சாராயம் வேண்டவே வேண்டாம், முன்னும் பின்னும். சூடுபோலத் தெரிந்து, தோலுக்கு இரத்தத்தை அனுப்பி உள்வெப்பத்தை வெளியே விடும்.

மனைவியைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டீர்களே, கட்டாயம் கூட்டிப் போங்கள், அவர் வர விரும்பினால். கரையில் நிற்கும் அவர்தான் அந்த நாளின் முக்கியமான ஆள். ஆனால் அவர் அசையாமல் நிற்பார், அதனால் உங்களைவிட அவருக்குத்தான் உடுப்பு அதிகம் வேண்டும். உள்ளே கம்பளி, மேலே காற்றுப் புகாத மேலங்கி, தடித்த சப்பாத்து. கார்ச் சாவி, கைத்தொலைபேசி, சூடான தேத்தண்ணி நிறைத்த ஃபிளாஸ்க், உங்கள் மாற்று உடுப்பு எல்லாம் அவர் கையில் இருக்கட்டும். தேத்தண்ணியில் சீனியைத் தாராளமாகப் போடுங்கள். இத்தனை மணிக்கு வெளியே வருவேன் என்று நேரத்தைச் சொல்லிவிட்டு இறங்குங்கள். அந்த நேரம் வந்ததும் அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால், அடுத்த அலையோடு நீங்கள் கரையில் இருக்க வேண்டும், பேச்சில்லை. நீங்கள் இரண்டு கையையும் தூக்கினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். அப்போது அவர் தண்ணீருக்குள் ஓடிவரக் கூடாது, இதை முன்கூட்டியே அவரிடம் வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். கடல் மீட்புக்கு 120, மருத்துவத்துக்கு 113. ஆங்கிலத்தில் பேசலாம், இடத்தின் பெயரை மட்டும் தெளிவாகச் சொல்லப் பழகிக்கொள்ளட்டும். நீங்கள் நடுங்கிக்கொண்டு வெளியே வந்தால் உடனே சுடுநீர்க் குளியலுக்கு ஓடவிடாமல், காற்றுப் படாத இடத்தில் உட்காரவைத்து, ஈரத்தைக் கழற்றி, போர்த்தி, தேத்தண்ணி கொடுக்கச் சொல்லுங்கள். நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால், அது ஆறிவிட்டது என்று நினைக்காமல் 113-ஐ அழைக்க வேண்டும்.